முகூர்த்தம் முடியும்வரை நிற்குமா? சோனி கேமராவுக்கு நான் சேர்த்த பேட்டரி, சார்ஜர், கார்டு, சாப்ட்வேர்

சேலத்தில் கல்யாணம் எடுக்கிறேன், ஏற்காட்டில் அவுட்டோர் எடுக்கிறேன். கையில் இருப்பது சோனி ஏ செவன் த்ரீ. 2018-ல் வந்த மாடல், நான் செகண்ட்ஸில் வாங்கினேன். பாடியைப் பற்றிப் போதுமான அளவு எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் அதைத் தொடவில்லை. அதற்குச் சோறு போடுகிற சாமான்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். புதிதாகத் தொழிலுக்கு வருகிற தம்பிகள் கடன் வாங்கி பாடிக்கும் லென்ஸுக்கும் எல்லாப் பணத்தையும் போட்டுவிட்டு, பேட்டரி வாங்கும் நேரத்தில் இருப்பதிலேயே விலை குறைந்ததைப் பார்த்து எடுக்கிறார்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன், அதற்கான விலையையும் கொடுத்தேன்.

அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். டிசம்பர் மாதம், ஏற்காட்டில் பகோடா பாயிண்ட், விடியற்காலை. கல்யாணத்துக்கு முந்தைய ஷூட். பெண்ணும் மாப்பிள்ளையும் மூன்றரை மணிக்கே எழுந்து, மேக்கப் போட்டு, சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்திருக்கிறார்கள். சூரியன் எட்டிப்பார்க்கிறது, பள்ளத்தாக்கில் பனி நிற்கிறது, இப்படி ஒரு வெளிச்சம் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. கேமராவில் பேட்டரி 46 சதவீதம் என்று காட்டுகிறது. நாலு கிளிக் அடித்தேன், அணைந்துவிட்டது. திரும்ப ஆன் செய்தால் பேட்டரி காலி என்கிறது. "அண்ணா, இன்னொண்ணு போடுங்கண்ணா" என்று உதவிக்கு வந்த தம்பி நீட்டினான். அதுவும் அதே கடையில் அதே நாளில் வாங்கியது, முப்பது சதவீதத்தில் அணைந்தது. மூன்றாவதாக இருந்த சோனி ஒரிஜினலைப் போட்டு மீதியை எடுத்து முடித்தேன். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் போனது போனதுதான், அந்த ஜோடிக்கு அந்தக் காலை திரும்ப வராது.

இதில் கவனிக்க வேண்டியது, அதே 46 சதவீத பேட்டரியைச் சட்டைப்பையில் வைத்திருந்து வெயில் ஏறியபின் போட்டுப் பார்த்தால் நூறு படத்துக்கு மேல் கொடுத்தது. லித்தியம் பேட்டரிக்குள் குளிரில் வேதிவினை மந்தமாகிறது, உள்ளேயிருக்கும் மின்தடை ஏறுகிறது, கேமரா சட்டென்று கரண்ட் கேட்கும்போது வோல்டேஜ் கீழே விழுகிறது, கேமரா அதைப் பார்த்து பேட்டரி தீர்ந்துவிட்டது என்று முடிவு செய்து அணைந்துகொள்கிறது. ஆனால் ஏற்காடு என்ன இமயமலையா, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம்தான், மார்கழி விடியலில் பன்னிரண்டு டிகிரி பக்கம் இறங்கும், அவ்வளவுதான். நல்ல செல் இந்தக் குளிரைக் கண்டுகொள்வதே இல்லை. உள்ளே போட்ட செல் மட்டமாக இருந்ததால்தான் அது படுத்தது. குளிர் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவே.

சரி, ஒரிஜினலுக்கு வருவோம். இந்தக் கேமராவுக்கான பேட்டரி என்பி-எஃப்இசட்100. 7.2 வோல்ட், கொள்ளளவு 2280 எம்ஏஎச், மொத்த ஆற்றல் 16.4 வாட் அவர், எடை சுமார் 83 கிராம். ஒரு சார்ஜுக்கு வியூபைண்டரில் 610 படம், திரையில் பார்த்து எடுத்தால் 710 படம் என்று கம்பெனி சொல்கிறது. முகூர்த்தத்தில் எனக்கு ஒரு பேட்டரிக்கு ஆயிரத்து இருநூறு, சில நாள் ஆயிரத்து ஐநூறு வரை வருகிறது. கம்பெனி குறைத்துச் சொல்கிறது என்று நினைக்க வேண்டாம். சிபா என்கிற ஜப்பானிய அமைப்பின் சோதனைமுறையில் முப்பது வினாடிக்கு ஒரு படம் எடுத்து, இடையிடையே அணைத்து ஏற்றி எண்ணுகிறார்கள். நாமோ தாலி கட்டும் நேரத்தில் ஒரே மூச்சில் நாற்பது படம் தட்டிவிடுகிறோம். கேமரா விழித்திருக்கும் நேரத்துக்குத்தான் பேட்டரி செலவு, கிளிக் எண்ணிக்கைக்கு இல்லை. அதனால் வீடியோ எடுப்பவர்கள் என் கணக்கை வைத்து ஏமாற வேண்டாம், அவர்களுக்குக் கேமரா ஓயாமல் விழித்தே இருக்கிறது.

டூப்ளிகேட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று நிறைய பேர் கேட்கிறார்கள். ஒரிஜினலின் அதே அளவு டப்பாவுக்குள் அதைவிட ரொம்ப அதிக எம்ஏஎச் எழுதியிருந்தால் முதலில் அங்கேயே சந்தேகப்படுங்கள். அப்புறம் எடை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை செய்யும் நண்பன் பட்டறையில் இருக்கும் தராசில் என்னிடமிருந்த எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தேன். ஒரிஜினல் 83 கிராம் பக்கத்தில் நின்றது, எனக்கு "ஒரிஜினல்தான், பெட்டி மட்டும் இல்லை" என்று பில் இல்லாமல் விற்கப்பட்ட ஒன்று 70 கிராமைக்கூடத் தொடவில்லை. எடை சரியாக இருப்பதாலேயே நல்லது என்று ஆகிவிடாது, ஆனால் எடை இவ்வளவு குறைந்தால் உள்ளே செல் சிறியது என்பதில் சந்தேகமே வேண்டாம். கடை பெயரைச் சொல்லப்போவதில்லை. ஜிஎஸ்டி பில் கேளுங்கள், தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று சதவீதம். ஒரிஜினலில் உள்ள சிப் கேமராவோடு பேசி மீதி எவ்வளவு என்று ஒழுங்காகச் சொல்கிறது. மலிவான பேட்டரியில் அந்தப் பேச்சு சரியாக அமைவதில்லை, நாற்பதில் நின்றுகொண்டேயிருந்துவிட்டு நேராக பூஜ்யத்துக்கு இறங்கும். தொழில் செய்கிறவனுக்கு கொள்ளளவு குறைவதைவிட இதுதான் ஆபத்து. குறைவாக இருக்கிறது என்று தெரிந்தால் மாலை மாற்றுவதற்கு முன்பே மாற்றிவிடலாம், தெரியாமல் போனால் என்ன செய்வது?

மற்ற கம்பெனி பேட்டரி எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. என்னிடம் இரண்டு இருக்கின்றன, ஒன்றரை வருடமாக நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் அவற்றை ரிசப்ஷனுக்கும், இடைவெளி விட்டு வரிசையாகப் படம் எடுக்கும் டைம்லாப்ஸுக்கும் மட்டும்தான் போடுகிறேன், முகூர்த்தத்துக்கு ஒரிஜினல் மூன்று. ஒவ்வொன்றிலும் வாங்கிய மாதத்தை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். லேசாக உப்பியிருந்தாலும் கேமராவுக்குள் தள்ளாதீர்கள், உள்ளே போய் மாட்டிக்கொண்டால் எடுக்க முடியாமல் சர்வீஸ் வரை போக வேண்டியிருக்கும். சேலத்து வெயிலுக்கு இது அதிகமாக நடக்கிறது. கேமராவே 0 முதல் 40 டிகிரி வரைதான் என்று கையேட்டில் இருக்கிறது, சித்திரையில் ஐந்து ரோட்டில் மூடி நிறுத்திய காருக்குள் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முழு சார்ஜில், வெப்பத்தில் கிடப்பதுதான் லித்தியத்துக்குப் பெரிய எதிரி. ஆடி, மார்கழி என்று வேலையில்லாத மாதத்தில் பாதி சார்ஜில் பீரோவில் வைப்பேன்.

ஒரிஜினல் விலை உறுத்தத்தான் செய்யும். என் மனதைத் தேற்றிய விஷயம் இதுதான்: இந்தப் பேட்டரி 2017-ல் ஏ9 மாடலோடு வந்தது, அதற்குப் பிறகு வந்த ஏ செவன் ஃபோர், ஏ செவன் சி, எஃப்எக்ஸ்3 எல்லாவற்றுக்கும் இதுவேதான். நாளைக்கு பாடியை மாற்றினாலும் இந்த மூன்றும் கூடவே வரும்.

சார்ஜர் விஷயத்தில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இந்த மாடலின் பெட்டியில் தனி சார்ஜர் வராது, அடாப்டரும் கேபிளும்தான், கேமராவுக்குள் வைத்தே சார்ஜ் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் காலி பேட்டரி நிரம்ப ஏறக்குறைய 285 நிமிடம், அதாவது நாலே முக்கால் மணி நேரம். தனியாக விற்கும் பிசி-க்யூஇசட்1 சார்ஜரில் சுமார் 150 நிமிடம். ரிசப்ஷன் முடிந்து சாப்பிட்டு மண்டபத்து அறைக்கு வர இரவு பதினொன்று ஆகிறது. முகூர்த்தம் நாலரை டு ஆறு என்றால் நான்கு மணிக்கு மேடையில் இருக்க வேண்டும். இடையில் ஐந்து மணி நேரம். ஒரு சார்ஜரில் இரண்டு பேட்டரிதான் ஏறும், அதுவும் ஒன்றரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து மாற்றினால். அதனால் இரண்டு சார்ஜர். நான் செலவழித்ததிலேயே மனதுக்கு நிம்மதி தந்த செலவு இரண்டாவது சார்ஜர்தான், இரவு தூங்க முடிகிறது.

பவர் பேங்க் பற்றித் தப்பான நம்பிக்கை நிறைய. 20,000 எம்ஏஎச் என்று எழுதியிருப்பது உள்ளேயிருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, வாட் அவரில் 74. கேமரா பேட்டரியோ 16.4. வகுத்தால் நாலரை தடவை வர வேண்டும், வராது. வோல்டேஜ் மாற்றத்திலும் கேபிளிலும் போனது போக மூன்று தடவை, அதிகம் போனால் மூன்றரை. அதுவே போதும். இந்த கேமராவில் பவர் டெலிவரி வேக சார்ஜ் கிடையாது என்பதால் பெரிய வாட் பவர் பேங்க் வாங்கி ஒரு பயனும் இல்லை, அந்தப் பணத்துக்கு நல்ல கேபிள் வாங்குங்கள். மெனுவில் யூஎஸ்பி பவர் சப்ளை என்பதை ஆன் செய்துவிட்டால், கேமரா ஓடும்போது பவர் பேங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் அப்போது பேட்டரி சார்ஜ் ஏறாது, பேட்டரி உள்ளே இருக்கவும் வேண்டும். இது தெரியாமல் "சொருகி ரெண்டு மணி நேரம் ஆச்சு, ஏறவே இல்லை" என்று குழம்புகிறவர்கள் உண்டு.

இதை நான் முழுசாகப் பயன்படுத்தியது ஏற்காட்டு லேடீஸ் சீட்டில். மழைக்குப் பிந்தைய ஒரு சாயங்காலம், கீழே சேலம் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதையும் நடுவில் மேகம் ஊர்ந்து மூடித் திறப்பதையும் பத்து வினாடிக்கு ஒரு படமாக மூன்று மணி நேரம் எடுத்தேன். பேட்டரியை ஒருமுறைகூட மாற்றவில்லை, ஸ்டாண்டை அசைக்கவில்லை. இந்த இடைவெளிப் படம் எடுக்கும் வசதி கேமரா வாங்கும்போது கிடையாது, 2019 ஏப்ரலில் வந்த 3.0 ஃபர்ம்வேரில், அதாவது கேமராவுக்குள் ஓடும் சாப்ட்வேரில், இலவசமாகக் கொடுத்தார்கள். ஷட்டரைப் பாதி அழுத்தினாலே கண்ணில் போகஸ் பிடிக்கும் வசதியும் விலங்குகளின் கண்ணில் பிடிப்பதும் அதோடுதான் வந்தன. செகண்ட்ஸில் வாங்கியிருந்தால் முதல் வேலையாக எந்த வெர்ஷன் என்று பாருங்கள். அப்டேட் செய்யும்போது முழுசாக சார்ஜ் ஆன ஒரிஜினல் பேட்டரி மட்டும் போடுங்கள், நடுவில் அணைந்தால் கேமராவே எழுந்திருக்காமல் போகலாம்.

கேமராவுக்குக் கீழே மாட்டும் கிரிப் ஒன்று இருந்தது, விஜி-சி3ஈஎம், உள்ளே இரண்டு பேட்டரி பிடிக்கும். நல்ல பொருள். கேமரா ஆடாமல் பிடிக்கும் கிம்பலில் ஏற்ற ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டியிருந்ததால் விற்றுவிட்டேன். செங்குத்துப் படம் அதிகம் எடுப்பவர்களுக்கு இன்னமும் பரிந்துரைப்பேன்.

பிளாஷுக்கு நீண்ட நாள் கடையில் கிடைக்கும் ஆல்கலைன் செல் போட்டுக்கொண்டிருந்தேன். எனிலூப் மாதிரியான நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லுக்கு மாறியபின் இவ்வளவு நாள் ஏன் மாறவில்லை என்றிருந்தது. எழுதியிருப்பது 1.2 வோல்ட்தான், ஆல்கலைனில் 1.5. ஆனால் பிளாஷ் கேட்பது ஒரேயடியாக நிறைய கரண்ட், உள் மின்தடை குறைந்த செல்தான் அதைத் தரும், அதனால் அடுத்த பிளாஷுக்குத் தயாராகும் நேரம் குறைகிறது. ஒரு செட் நான்கையும் எப்போதும் சேர்த்தே வையுங்கள், புதிதையும் பழையதையும் கலந்தால் பலவீனமான செல் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். இப்போது முக்கிய பிளாஷுக்கு லித்தியம் பேக் உள்ள கோடாக்ஸ் வி1 வந்துவிட்டது. முழு சக்தியில் 480 தடவை அடிக்கும் என்கிறார்கள், முழு சக்தியில் யார் அடிக்கிறோம்? எட்டில் ஒரு பங்கில் ஒரு ரிசப்ஷன் முழுவதையும் ஒரே பேக்கில் முடித்துவிடுகிறேன்.

ஆடியில் சேலம் குகைப் பகுதியின் வண்டி வேடிக்கை ஊர்வலத்தை எடுத்தபோதுதான் இந்த எல்லாச் சாமானுக்கும் உண்மையான பரிட்சை. சாமி வேடம் போட்டவர்களோடு வண்டிகள் வரிசையாக வருகின்றன, தெரு முழுக்க ஜனம், எங்கேயும் ஒரு பிளக் பாயிண்ட் கிடையாது, பையைக் கீழே வைக்கவும் இடம் கிடையாது. இடது பாக்கெட்டில் நிரம்பிய பேட்டரி, வலது பாக்கெட்டில் தீர்ந்தது. பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை, ஆனால் இருட்டில் கை தானாகப் போக வேண்டும். மூன்று ஒரிஜினலில் இரண்டோடு இரவு முடிந்தது.

கார்டில் பலர் காசை வீணாக்கும் இடம் ஒன்று உண்டு. இந்த பாடியில் முதல் ஸ்லாட் மட்டும்தான் யூஎச்எஸ்-2 என்ற வேகமான வகை, இரண்டாவது அதைவிட மெதுவான யூஎச்எஸ்-1. கல்யாணத்துக்கு இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும்படி வைத்திருப்போம், வைத்தே ஆக வேண்டும். அப்படி வைத்தால் வேகம் மெதுவான ஸ்லாட்டுக்குத்தான் கட்டுப்படும். அப்புறம் விலை அதிகமான யூஎச்எஸ்-2 கார்டு எதற்கு? அதே பணத்துக்கு நல்ல வி30 கார்டு இரண்டு வாங்கலாம். கார்டின் மேல் வினாடிக்கு 170, 200 எம்பி என்று போட்டிருப்பதும் அவர்களுடைய தனி ரீடரில் மட்டும் கிடைக்கும் வேகம். யூஎச்எஸ்-1-ன் உச்சமே வினாடிக்கு 104 எம்பிதான், கேமராவுக்குள் அதற்குமேல் போகாது. ரா பைலை, அதாவது கேமரா திருத்தாமல் பதியும் மூலப் பைலை, சுருக்காமல் வைத்தால் ஒன்று 47 எம்பி பக்கம், சுருக்கினால் 24. மூவாயிரம் படம் என்றால் 141 ஜிபிக்கும் 72 ஜிபிக்கும் உள்ள வித்தியாசம். ஆல்பத்தில் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை, சுருக்கியேதான் எடுக்கிறேன். புதுக் கார்டு வந்தவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச சாப்ட்வேரில் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்துவிடுவேன். 128 என்று எழுதி 32 மட்டும் இருக்கிற போலி கார்டு அதில் தப்பவே முடியாது.

ஒருமுறை தம்பி அவசரத்தில் நலங்கு படங்கள் இருந்த கார்டை பார்மட் செய்துவிட்டான். அன்றைக்கு கேண்டிட் எடுத்த அந்த இரண்டாவது கேமராவில் ஒரே ஸ்லாட். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காமல் வெளியே எடுத்து வைத்தோம், அதுதான் காப்பாற்றியது. வீட்டுக்கு வந்து போட்டோரெக் போட்டு இரவெல்லாம் ஓடவிட்டோம், ஏறக்குறைய எல்லாமே திரும்ப வந்தது. பைல் பெயர்கள் மட்டும் போய்விட்டன. இதுவும் இலவசம், பார்க்கக் கறுப்புத் திரையில் எழுத்தாக இருக்கும், பயப்பட வேண்டாம். அன்றிலிருந்து கார்டு நகல் எடுப்பதை டெராகாப்பியில் செய்கிறேன், நகல் எடுத்தபின் இரண்டும் ஒன்றுதானா என்று சரிபார்த்துச் சொல்கிறது. இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏறி, சரிபார்த்து முடியும்வரை கார்டை யாரும் தொடக்கூடாது.

ரா திருத்த லைட்ரூம் கிளாசிக்தான் பெரும்பாலும். மாதாமாதம் பணம், கல்யாணமில்லாத மாதத்திலும் பணம், அது கஷ்டம்தான். ஆனால் மூவாயிரம் படத்தை ஒரே நாளில் தேர்வு செய்து நிறம் ஒத்துவர வைக்க எனக்கு இதைவிட வேகமாக எதுவும் அமையவில்லை. கட்டணத்தை நிறுத்தினால் திருத்தும் பகுதியும் மேப் பகுதியும் மட்டும் மூடிக்கொள்ளும், படங்களும் அவற்றின் பட்டியலான கேட்டலாகும் நம்மிடம்தான் இருக்கும், அந்த பயம் வேண்டாம். கட்ட முடியாதவர்கள் டார்க்டேபிள் கற்றுக்கொள்ளுங்கள், முழுக்க இலவசம், தரத்தில் குறைவே கிடையாது, கற்க ஒரு மாதம் பிடிக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, இதில் திருத்தியது அதில் திறக்காது, நடு சீசனில் மாற வேண்டாம். சோனியின் இமேஜிங் எட்ஜ் டெஸ்க்டாப்பும் இலவசம்தான். அதிலுள்ள ரிமோட்டை ஸ்டுடியோவில் குழந்தைப் படம் எடுக்கும்போது லேப்டாப்பில் இணைத்துப் பயன்படுத்துகிறேன், அம்மா அங்கேயே திரையில் பார்த்துத் தேர்வு செய்துவிடுகிறார்.

பனி பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஏற்காட்டில் குளிர்ந்த கேமராவை நேராக வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுபோனாலும், மழைக்காலத்தில் கீழே அடிவாரத்துக்கு இறங்கியவுடன் பையைத் திறந்தாலும் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும். பையை மூடியபடியே அரை மணி விடுங்கள். பேட்டரி முனைகளை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் சார்ஜரில் வைக்க வேண்டும்.

கடைசியாக, என் பையிலேயே விலை குறைந்த பொருள், ஐந்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் இருக்கும் பாயிண்டையெல்லாம் மைக் செட்டும் சீரியல் லைட்டும் டெக்கரேஷனும் சாயங்காலமே பிடித்துக்கொள்ளும். போனவுடன் மைக் செட் அண்ணனைப் பார்த்து, "அண்ணா, எனக்கு ஒரு பாயிண்ட் மட்டும் விட்டுவைங்க, ஜெனரேட்டர் லைன்ல இருந்தா இன்னும் நல்லது" என்று கேட்டுவிடுவேன். இதுவரை யாரும் இல்லை என்று சொன்னதில்லை.